பிரதம விருந்தினராக யாரை அழைப்பது?

கர்ட் சூமா தன் வீட்டுச் சமையலறையில் பூனையை உதைத்த காணொளி 2022 பெப்ரவரியில் வெளியானபோது, அதைப் பார்க்காத உதைபந்தாட்ட இரசிகர் எங்கள் ஊரில் இருந்திருக்க மாட்டார். அப்போது இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கழகத்தின் பின்கள வீரராக இருந்தவர் அவர். பூனையை உதைக்கிறார், துரத்திச் சென்று சப்பாத்தால் எறிகிறார், ஒரு சிறுபிள்ளையின் கையில் இருந்த பூனையை அறைந்து விழுத்துகிறார். படம் பிடித்தவர் அவருடைய தம்பி. பின்னணியில் சிரிப்புக் கேட்கிறது. காணொளி வெளியான மறுநாளே வட்போர்ட் அணிக்கு எதிரான போட்டியில் பயிற்றுநர் டேவிட் மோயஸ் அவரைக் களமிறக்கினார். அணியின் நல்ல வீரர்களில் ஒருவர் என்பதே அவர் சொன்ன காரணம். சூமாவின் காலில் பந்து பட்டபோதெல்லாம் அரங்கம் கூக்குரலிட்டது. வெஸ்ட் ஹாம் 1-0 என்று வென்றது.

சில நாட்களில் அதே அணியின் முன்கள வீரர் மிக்கேல் அந்தோனியோ ஒரு செய்தியாளரிடம் திருப்பிக் கேட்டார்: அவர் செய்தது இனவாதத்தை விடக் கொடியதா? இனவாதத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் சில போட்டிகள் வெளியே இருந்துவிட்டுத் திரும்ப விளையாடுகிறார்கள், இவருக்கு மட்டும் ஏன் வேலையே போக வேண்டும்? கறுப்பின வீரர் ஒருவர் கேட்ட கேள்வி அது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் திருகோணமலையில் நான் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு பாடசாலையில் விளையாட்டுப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். மைதானத்துக்குள் வரும் கட்டாக்காலி நாய்களைக் கல்லால் அடிக்க வேண்டாம் என்று சொல்லும் போதெல்லாம் யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதில் மூத்தவர், சொல்வார்: "மனிதருக்கே நீதி கிடைக்காத ஊர் பிள்ளை இது. நாய்க்கு என்ன நீதி?" அவர் எதை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். 2006 ஜனவரி 2 அன்று எங்கள் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் கடற்கரையைத் தாண்டித்தான் என் மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள்.

அந்த மூத்தவரின் வேதனையை நான் மதிக்கிறேன். அவர் எடுக்கும் முடிவை ஏற்க மாட்டேன். நீதி கூப்பன் கடை அரிசியல்ல, ஒருவருக்கு அளந்து கொடுத்தால் அடுத்தவருக்குக் குறைந்துபோக. வலுவுள்ளவன் வலுவில்லாததை என்ன செய்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நிலை எப்படி இருக்கும் என்பதை எங்களை விட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. அதை அறிந்த ஊர் நாய்க்குட்டி விஷயத்திலும் பூனை விஷயத்திலும் கூடுதலாகவே கூச வேண்டும் என்பது என் எண்ணம். அந்தோனியோவுக்கும் இதைத்தான் சொல்வேன். இனவாதம் கொடியது, அதற்கான தண்டனை போதவில்லை என்றால் அதைக் கூட்டுங்கள். இரண்டு கொடுமைகளை ஒன்றோடொன்று ஒப்பிடத் தொடங்கியதும் அந்தப் பூனை பேச்சிலிருந்தே காணாமல் போய்விடுகிறது.

அந்தப் பூனைக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தினர் சூமாவின் வீட்டில் இருந்த இரண்டு பூனைகளையும் எடுத்துச் சென்றார்கள். கழகம் அவருக்கு இரண்டு வாரச் சம்பளத்தை, 250,000 பவுண்ஸை, அபராதமாக விதித்தது. அந்தப் பணம் விலங்கு நல அமைப்புகளுக்குப் போனது. ஜூனில் நீதிமன்றம் 180 மணிநேரச் சமூக சேவையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பூனை வளர்க்கத் தடையும் விதித்தது. விளையாடுவதற்கு நீதிமன்றம் தடை விதிக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு சரியான இடத்தில் கோடு கிழித்தது என்று நான் நினைக்கிறேன். விலங்கை வதைத்த வீரர் ஒருவரைப் பற்றி வாதிடும்போது நாம் பல கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். அவர் தன் தொழிலைச் செய்யலாமா என்பது ஒரு கேள்வி. அவர் கையில் இன்னோர் உயிரை ஒப்படைக்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. பிள்ளைகளுக்கு முன்னால் அவரை மாலை போட்டு அமர்த்தலாமா என்பது இன்னொன்று. எங்கள் பாடசாலைகளில் ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். பிரதம விருந்தினர் யார் என்று அதிபர் அறையில் நீண்ட நேரம் பேசுவோம். கொடியேற்றுபவர், அணிநடை மரியாதையை ஏற்பவர், வெற்றிக் கிண்ணத்தைக் கையளிப்பவர் அவர்தான். ஒரு வீரரின் குணத்தை எடைபோட வேண்டி வரும்போதெல்லாம் நான் அந்த நாற்காலியை நினைத்துப் பார்க்கிறேன். இவரை அதில் அமர்த்துவேனா?

மைக்கல் விக் விஷயத்தில் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் நட்சத்திரமாக இருந்தவர் அவர். 2004இல் 13 கோடி டொலர் பெறுமதியான பத்தாண்டு ஒப்பந்தம் செய்தவர். 2007 ஏப்ரலில் வேர்ஜீனியா மாநிலத்தில் அவருக்குச் சொந்தமான காணி ஒன்றைப் பொலிஸார் சோதனையிட்டபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாய்கள் அகப்பட்டன. பெரும்பாலானவை பிட் புல் இனம். நாய்ச்சண்டைக்காகவே அந்த இடம் ஆண்டுக்கணக்கில் நடத்தப்பட்டு வந்தது. சண்டையில் சோபிக்காத நாய்களைத் தூக்கிலிட்டும் தண்ணீரில் அமிழ்த்தியும் கொன்றார்கள். முதலில் மறுத்த விக், பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்படிக் கொன்றதில் தனக்கும் பங்கு உண்டு என்றார். 23 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நாய்களின் பராமரிப்புக்காக ஒன்பது இலட்சம் டொலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது.

சிறு வயதிலேயே தன் அயலில் நாய்ச்சண்டை பார்த்து வளர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அதை நான் நம்புகிறேன். சூழல் ஒரு பிள்ளையை எப்படி வளைக்கும் என்பதை வகுப்பறையில் தினமும் பார்ப்பவள் நான். ஆனால் அவரிடம் பணம் வந்தது, புகழ் வந்தது, வேண்டாம் என்று சொல்லும் வலிமை வந்தது. அந்த வலிமையைக் கொண்டு அவர் அந்தக் கொடுமையைப் பெரிதாக்கினார். கோபத்தில் ஒரு கணம் கை ஓங்கியவரோடு இவரை ஒன்றாக வைக்க முடியாது. திட்டமிட்டு, ஆளமர்த்தி, கணக்கு வைத்து, தோற்ற நாயைத் தன் கையாலேயே முடித்தவர். ஒருவருடைய குணம் என்று எதையாவது சொல்லலாம் என்றால் இப்படி ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

சிறையிலிருந்து வந்த விக்கை 2009இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்துக்கொண்டது. 2010 பருவத்தில் மீண்டெழுந்த சிறந்த வீரருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. நாய்ச்சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் சட்டமூலத்துக்கு ஆதரவாக 2011இல் அமெரிக்கத் தலைநகரில் பேசினார். பாடசாலைகளுக்குப் போய் மாணவர்களிடம் நாய்ச்சண்டைக்கு எதிராகப் பேசினார். இவை சிறிய காரியங்கள் அல்ல. தண்டனை முடிந்த மனிதர் தன் தொழிலுக்குத் திரும்புவதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் சமூகத்தில் சிறையிருந்து வந்தவருக்கு வேலை கொடுக்க மறுப்பவர்களை எதிர்த்துப் பேசியவள், அமெரிக்க நட்சத்திரம் என்பதற்காக மாற்றிப் பேச மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். தண்டனையின் பகுதியாக அவர் நாய் வளர்க்கத் தடை இருந்தது. அந்தக் காலம் முடிந்ததும், 2012இல், அவர் வீட்டுக்கு மீண்டும் ஒரு நாய் வந்தது. தன் பிள்ளைகளுக்காக என்றார். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தடை ஆயுள் முழுவதும் இருந்திருக்க வேண்டும். பந்தை எறியும் உரிமையைத் திரும்பக் கொடுத்ததால் யாருக்கும் உயிராபத்து இல்லை. நாயைத் திரும்பக் கொடுக்கும்போது ஆபத்தை ஏற்றுக்கொள்வது நாய், அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

விக்கின் நாய்களில் லூகாஸ் என்று ஒன்று இருந்தது. சண்டைகளில் வென்ற நாய். பொதுவாக இப்படிப் பிடிபடும் சண்டை நாய்களைக் கூண்டோடு கொன்றுவிடுவது அதுவரை வழக்கமாக இருந்தது. இந்த வழக்கில்தான் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதித்து, நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைக் காப்பாற்றினார்கள். அவற்றில் 22 நாய்கள் யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு சரணாலயத்துக்குப் போயின. பல பிறகு குடும்பங்களோடு வாழ்ந்தன. லூகாஸ் மனிதர்களோடு சாதுவாகவே பழகியது என்கிறார்கள். ஆனாலும் வென்ற நாய் என்பதால் அதை எந்த வீட்டுக்கும் தத்துக் கொடுக்கக் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. சாகும்வரை சரணாலயத்திலேயே இருந்தது. விக்கின் விடுதலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். இரண்டு பேரில் ஆயுள் தண்டனை பெற்றது நாய்.

2024 டிசம்பரில் விக் நோர்போக் மாநிலப் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்றுநரானார். பயிற்றுநர் என்பது வெறும் வேலை அல்ல என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் நம் நடையைக்கூடப் பார்த்து நடப்பார்கள். இந்த மனிதர் தன் பழைய கதையை அந்தப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வார் என்றால் அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்றும் வாதிடலாம். நான் அவரை ஒரு வகுப்பறைக்குப் பேச அழைப்பேன். மாலை போட்டு அந்த நாற்காலியில் அமர்த்த மாட்டேன்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது இதற்கு நேர் எதிரான வகை. 2021 ஆகஸ்டில், வாள்வீச்சு, நீச்சல், குதிரைச் சவாரி, சுடுதல், ஓட்டம் ஐந்தும் சேர்ந்த நவீன ஐந்தம்சப் போட்டியில் ஜேர்மனியின் அன்னிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். அந்தப் போட்டியில் குதிரை வீரருக்குச் சொந்தமானதல்ல. சீட்டுக் குலுக்கித் தருவார்கள், பழகிக்கொள்ள 20 நிமிடம் கிடைக்கும். அவருக்குக் கிடைத்த செயின்ட் போய் என்ற குதிரை அதற்கு முன் வேறொரு வீராங்கனையோடு தடை தாண்ட மறுத்திருந்தது. மிரண்டுபோன குதிரையின் மேல் அழுதுகொண்டே சவுக்கை வீசினார் ஷ்லோய். வெளியே நின்ற பயிற்றுநர் கிம் ரைஸ்னர் நன்றாக அடி என்று கத்தி, குதிரையை முஷ்டியாலும் குத்தினார். ரைஸ்னரை அந்த ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றினார்கள். பிறகு, 2024 பாரிஸ் போட்டியோடு, குதிரைச் சவாரியையே அந்த விளையாட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஷ்லோய் செய்தது தவறு. ஆனால் முன்பின் அறியாத குதிரையை இருபது நிமிடத்தில் ஒருவர் கையில் கொடுத்து, உலகமே பார்க்க ஓட்டு என்று சொன்ன விதிதான் முதல் குற்றவாளி. அந்தப் பெண்ணின் அழுத முகத்தை வைத்து அவருடைய குணத்தை எழுதிவிட்டவர்கள் அவசரப்பட்டார்கள்.

சார்லட் டுஜார்டினுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒலிம்பிக்கில் ஆறு பதக்கங்கள், அதில் மூன்று தங்கம் வென்ற குதிரைப் பயிற்சி வீராங்கனை. பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு பழைய காணொளி வெளிவந்தது. மாணவி ஒருத்தி குதிரையில் இருக்க, இவர் தரையில் நின்று அதன் கால்களில் ஒரு நிமிடத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட தடவை சவுக்கால் அடிக்கிறார். கூட்டமில்லை, பதக்கமில்லை, அவசரமில்லை. கற்றுக்கொடுக்கும் வேளை அது. ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் கிடைத்தன. அந்தக் காணொளியில் என் கண் குதிரையை விட்டு அந்த மாணவியின் பக்கமே போகிறது. அவள் அன்று கற்றுக்கொண்டது என்ன?

என் மைதானத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பார்வையாளர் படிக்கட்டின் உடைந்த பகுதிக்குக் கீழே, மணலைக் குடைந்து, ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பிள்ளைகள் மாலைநேரத்தில் பிஸ்கட் போட்டுப் போட்டு அவை பழகியிருந்தன. ஒருநாள் பயிற்சியின்போது செம்மண்நிறக் குட்டியொன்று உருண்டு போன பந்துக்குப் பின்னால் ஓடி வந்தது. எங்கள் அணியின் மிகச் சிறந்த முன்கள வீரன் பந்தை எடுக்க வந்தவன், பந்தை விட்டுவிட்டுக் குட்டியை உதைத்தான். கம்பத்தடியில் போய் விழுந்து அது போட்ட சத்தம் மெல்லியதாக, நீண்டு, இடையில் அறுந்து அறுந்து கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பையனின் முகத்தை. அவன் குட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நண்பர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்தான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

குட்டியின் பின்னங்கால் முறிந்திருந்தது. பையனையே துவாயில் சுற்றி எடுத்துவரச் சொல்லி, முச்சக்கரவண்டியில் ஏற்றி, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். வழியில் அது அவன் கையை நக்கியது. அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அடுத்த போட்டியில் அவனை இறக்கவில்லை, நாங்கள் தோற்றோம். பழைய மாணவர்கள் சிலர் என்னிடம் வந்து, ஒரு நாய்க்காகப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கிறீர்களா டீச்சர் என்று கேட்டார்கள். அவனுடைய அப்பாவும் வந்தார். "நாங்கள் சின்ன வயதில் செய்யாததா டீச்சர்?" என்றார். அவர் உண்மையாகவே அதைச் சொன்னார்.

அந்த இரண்டு பேரின் சிரிப்பைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். சூமாவின் காணொளியிலும் அதே சிரிப்புத்தான். அந்த வழக்கைத் தொடுத்த தரப்பின் சட்டத்தரணி நீதிமன்றத்தில் ஒன்று சொன்னார்: அந்தக் காணொளி பரவிய பின், பூனைகளை அடித்துப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வீரர்களை மற்றவர்களை விடக் கடுமையாக எடைபோட ஒரே நியாயமான காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் நம்மைவிட நல்லவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அவர்களுடைய கால் செய்வதை ஆயிரம் கால்கள் செய்து பார்க்கும். 2011இல் கொலம்பியாவில் ஒரு போட்டியின் நடுவே மைதானத்தில் விழுந்த ஆந்தையை லூயிஸ் மொரெனோ என்ற வீரர் உதைத்தார். ஆந்தை பிறகு செத்துப்போனது. அந்த அரங்கத்தில் எழுந்த ஆத்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது. சிரிக்க மறுத்த அரங்கம் அது.

மீன் சாப்பிடுகிறாய், ஆடு சாப்பிடுகிறாய், பிறகு என்ன பேச்சு என்பார்கள். நான் மீன் சாப்பிடுகிறேன். திருகோணமலையில் பிறந்தவளுக்குக் கடல் வயிற்றுப்பாடு. உணவுக்காகக் கொல்வதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு, அவற்றைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சாப்பிடுபவர் துடிப்பதைப் பார்த்து மகிழ்வதற்காகச் சாப்பிடுவதில்லை. மாட்டுவண்டிச் சவாரியைப் பற்றியும் கேட்பார்கள். காளையைப் பிள்ளையாக வளர்க்கிற சவாரிக்காரர்களை வடக்கில் கண்டிருக்கிறேன். தடியின் நுனியில் ஆணி வைத்திருந்த ஒருவரையும் கண்டிருக்கிறேன். எங்கள் பண்பாடு என்பதற்காக அந்த ஆணியை நான் பாதுகாக்க மாட்டேன். ஆணி இல்லாமல் ஓடட்டும் சவாரி.

கன்றின்மேல் தேரோட்டிய இளவரசனின் கதையைச் சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளை வளர்க்கிறோம். பசு மணியடித்தது, சோழ மன்னன் மகனையே தேர்க்காலில் இட்டான். அந்தத் தண்டனை கொடியது, அதை யாருக்கும் நான் விரும்பவில்லை. ஆனாலும் அந்தக் கதையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: இளவரசன் எத்தனை திறமையான தேரோட்டி என்று மன்னனிடம் யாரும் வாதாடவில்லை.

எங்கள் நாட்டில் பசு மணியடித்தால் என்ன கிடைக்கும்? விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் உச்சபட்ச அபராதம் 100 ரூபாய். சிறைக்கும் இடம் வைத்திருக்கிறார்கள், மூன்று மாதம். அன்று 100 ரூபாய் பெரிய தொகை. இன்று அதைக்கொண்டு ஒரு இளநீர்கூட வாங்க முடியாது. புதிய சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்தது. திருகோணமலைக் கோட்டைக்குள்ளிருந்து நகருக்குள் வந்து பொலித்தீன் தின்று சாகும் எங்கள் புள்ளிமான்களுக்காகவும் அது நிறைவேற வேண்டும் என்று ஏங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. சட்டம் இப்படி இருக்கும்போது பாடசாலைகளும் கழகங்களும் தங்கள் விதிகளை எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் அணிக்கு நான் எழுதியிருக்கும் விதி சிறியது. விலங்கை வேண்டுமென்று வதைத்த மாணவன் அடுத்த போட்டியில் இறங்க மாட்டான். அந்த விலங்கின் சிகிச்சையில் கூடவே நிற்பான். அதன்பிறகு திறமைக்கேற்ப விளையாடுவான். அணித்தலைவனாகவோ உபதலைவனாகவோ தெரிவாக மாட்டான். சிரித்தவர்களுக்கும் அந்தக் கடைசி வரி பொருந்தும். அதிபர் ஒப்பமிட்டுவிட்டார். பழைய மாணவர் சங்கத்தில் இன்னும் இழுபறி.

முன்கள வீரன் இந்த ஆண்டும் எங்களுக்காக விளையாடுகிறான், நன்றாகவே விளையாடுகிறான். குட்டி நொண்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருகிறது. அவன் அதைக் கண்டால் விலகிப் போகிறான். வருந்துகிறானா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. தலைவர் தெரிவு நெருங்குகிறது. அவனுடைய அப்பா இரண்டாம் முறையும் வந்து, மகன்தான் அணியில் அதிகக் கோல் போட்டவன் என்று கணக்குக் காட்டினார். கணக்கு சரிதான் என்றேன். முதல் பதினொருவரில் அவன் பெயர் இருக்கும் என்றும், கைப்பட்டி வேறொருவனுக்கு என்றும் சொல்லி அனுப்பினேன்.